18-55 லென்சைத் திருப்பிப் போட்டால்: கைச்செலவில் ஒரு மேக்ரோ

கேமரா வாங்கும்போது கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் இப்போது எங்கே இருக்கிறது? பலர் வீட்டில் அது அலமாரி மூலையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தூங்கும். 'கிட் லென்ஸ்தானே' என்று ஓர் இளக்காரம். அதை எடுத்து வாருங்கள். கேமராவில் எந்த லென்சையும் மாட்டாமல், அந்த 18-55-ஐப் பின்பக்கம் முன்னால் வருமாறு திருப்பி, கேமராவின் வாயோடு சேர்த்துக் கையாலேயே பிடியுங்கள். மேசையில் ஒரு கடுகை வைத்து, 4-5 செ.மீ. தூரத்துக்கு மெல்லக் கொண்டுபோங்கள். இன்னும் கொஞ்சம். இப்போது திரையில் தெரிவது, தோல் சுருக்கம்வரை எண்ணிவிடக்கூடிய ஒரு பழுப்பு உருண்டை.

மேக்ரோ படங்களுக்கென்று, அதாவது சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் நெருக்கப் படங்களுக்கென்று, தனி லென்ஸ் இருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது. வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கம் நமக்கு ஆர்வம் நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு மூடி, ஒரு பழைய ஃபில்டர், கொஞ்சம் பசை, பார்சலில் வந்த வெள்ளை ஃபோம் ஷீட் இவ்வளவும் போதும். இதில் லென்சைத் திருப்பும் வேலை அரை நாள்தான். மீதி நேரமெல்லாம் ஒளிக்குப் போகும். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில் நான் எடுத்த எறும்புகளுக்கெல்லாம் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கரிய இருட்டு.

திருப்பினால் ஏன் பெரிதாகிறது?

சாதாரணமாக லென்ஸ் செய்யும் வேலை சுருக்குவது. தூரத்தில் நிற்கும் ஆலமரத்தை, பின்னால் இருக்கும் சின்ன சென்சாருக்குள் (பிம்பம் பதியும் சில்லு) அடக்குகிறது. அதையே திருப்பினால் வேலையும் தலைகீழாகிறது: பின்கண்ணாடிக்கு அருகே இருக்கும் சின்னப் பொருள் மறுபக்கம் பெரிதாகி விழுகிறது.

மேக்ரோ என்றால் 1:1, அதாவது பொருளும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவு. ஏபிஎஸ்-சி வகைக் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 22 முதல் 23.5 மி.மீ. அகலம். ஆகவே பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைப் படமெடுத்து, ஃப்ரேமின் அகலத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணினால் போதும். 23 தெரிந்தால் 1 மடங்கு. 8 தெரிந்தால் கிட்டத்தட்ட 3 மடங்கு. 18-55-ஐ நேராக மாட்டினால், அது எவ்வளவு நெருங்கினாலும் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டும்.

திருப்பிய லென்சில் ஜூம் வளையமும் எதிராக வேலை செய்யும். 55-இல் வைத்தால் ஏறத்தாழ 1 மடங்கு, 18-இல் வைத்தால் 3 மடங்குக்கு மேல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆசையில் 18-க்குப் போய், எதுவும் கூர்மையாக விழவில்லை என்று வெறுத்துப்போவார்கள். முதல் இரண்டு வாரம் 55-ஐ விட்டு அசையாதீர்கள்.

உங்கள் லென்ஸ் தோதானதா?

திருப்பிய லென்சுக்குப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த லென்ஸ் எந்தக் கேமராவுக்காகச் செய்யப்பட்டது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் மவுண்டுக்கும் (லென்ஸ் பூட்டும் வாய்) சென்சாருக்கும் இடையே கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. இடைவெளி. அந்த லென்சைத் திருப்பினால் பொருள் அதைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும். ஒரு பூச்சியை மிரட்டாமல், ஒளி புகவும் இடம் விட்டு எடுக்க இது போதும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கென்றே செய்த லென்சுகளில் அந்த இடைவெளி 16 முதல் 20 மி.மீ. மட்டும். திருப்பினால் பூச்சியின் மூக்கிலேயே இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே மிரர்லெஸ் வைத்திருப்பவர்களும் இந்த வேலைக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் ஒன்றைத் தேடுவதே நல்லது. ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சகஜம். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை மாதிரித் தெரியும்.

பழைய லென்சை நான் இவ்வளவு புகழ இன்னொரு காரணம் அப்பர்ச்சர் வளையம், அதாவது ஒளி புகும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வளையம். லென்சைத் திருப்பினதும் கேமராவோடு அதற்கு மின்தொடர்பு கிடையாது. வளையம் இருந்தால் கையால் எஃப் 8-க்கு (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வளையம் இல்லாத லென்சுக்கு வழி வேண்டும்.

கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் லென்சை வழக்கம்போல மாட்டி, ஏவி மோடில் எஃப் 8 வையுங்கள். மவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கேமராவை அணைக்காமல் லென்சைக் கழற்றுங்கள். துளையை மூடித் திறக்கும் இதழ்கள் அப்படியே எஃப் 8-இல் நின்றுவிடும். பிறகு லென்சை நேராக மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும், கெட்டுப்போகாது. சில தொடக்கநிலை மாடல்களில் அந்தப் பொத்தான் தனியாக இருக்காது. அப்போது ஷட்டரை 15 நொடிக்கு வைத்துச் சொடுக்கி, அது திறந்திருக்கும்போதே கழற்றலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். சென்சார் அப்போது வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

நிக்கானின் ஜி வகை லென்சில் பின்பக்கம் ஒரு சின்ன உலோக நெம்பு இருக்கும். கேமராவிலிருந்து கழற்றினால் இதழ்கள் முழுக்க மூடிக்கொள்ளும். நெம்பை நகர்த்தினால் திறக்கும். மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிப் பாதி திறந்த நிலையில் நிறுத்தலாம். அழகான ஏற்பாடு இல்லைதான், ஆனால் வேலை நடக்கும்.

வளையம் செய்வது

ரிவர்ஸ் ரிங் என்று கடையில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உங்கள் கேமரா மவுண்டையும் லென்சின் ஃபில்டர் அளவையும் சொல்ல வேண்டும். லென்சின் முகப்பில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 52, 55, 58 என்று இருக்கும் எண்தான் அந்த அளவு. வாங்குவது எளிது. ஆனாலும் செய்து பார்ப்பதில் ஒரு குஷி இருக்கிறது, அதுவும் வீட்டில் பழைய ஃபில்டர் கிடந்தால்.

தேவையானவை: உங்கள் கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் பாடி கேப் ஒன்று (கேமராவோடு வந்ததைப் பாழாக்காமல் தனியாக வாங்குங்கள்), உங்கள் லென்சின் அளவுக்கு ஒரு பழைய யூவி ஃபில்டர், அரால்டைட், உப்புத்தாள், அரம், கைத்துளைக்கருவி.

முதலில் ஃபில்டரின் கண்ணாடியை நீக்க வேண்டும். பெரும்பாலான ஃபில்டர்களில் கண்ணாடியை ஒரு மெல்லிய வளையம் பிடித்திருக்கும். அதில் எதிரெதிராக இரண்டு சிறு வெட்டு இருக்கும். கத்தரிக்கோலின் இரு முனைகளை அந்த வெட்டுகளில் வைத்து இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். வரவில்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம், வேறு ஃபில்டர் பாருங்கள்.

பாடி கேப்பின் நடுவில் காம்பஸ் கொண்டு 35 மி.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். உள்பக்கம் மவுண்டில் பூட்டிக்கொள்ளும் மூன்று காதுகளை இந்த வட்டம் தொடக்கூடாது. கோட்டின் உள்பக்கமாக நெருக்கி நெருக்கிச் சின்னத் துளைகள் போட்டு, நடுத்துண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அரத்தால் ஓரத்தைச் சீவுங்கள். அப்புறம் உப்புத்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சீவி முடித்த மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். நான் முதலில் செய்தபோது வாயால் ஊதிவிட்டு அப்படியே மாட்டினேன். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தூள் சென்சாரில் ஒட்டி, அடுத்த மூன்று மாதம் என் வானமெல்லாம் கரும்புள்ளி. சுத்தம் செய்யக் கொடுத்த காசில் நான்கு வளையம் வாங்கியிருக்கலாம்.

காய்ந்ததும், மூடியின் வெளிமுகத்தையும் ஃபில்டரின் முன்விளிம்பையும் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். ஃபில்டரில் லென்சோடு திருகும் மரை இருக்கும் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். இதை இரண்டு முறை சரிபார்த்த பிறகு பசையைக் கலக்குங்கள். அரால்டைட் இரு குழாய்ப் பசை, சம அளவு கலந்து மெலிதாகத் தடவி, ஒரு நாள் முழுக்க மேலே புத்தகம் வைத்து அழுத்தி விட்டுவிடுங்கள். ஃபெவிகுவிக் வேண்டாம். அதன் ஆவி சுற்றியிருக்கும் பரப்புகளில் வெள்ளையாகப் படியும், கண்ணாடிக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. கடைசியாக உள்விளிம்பில் பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் அடியுங்கள், அல்லது கறுப்புச் சார்ட்டை வளைத்து ஒட்டுங்கள். பளபளப்பான விளிம்பு படத்தை வெளிறச் செய்யும்.

ஒட்டிய வளையத்தில் பெரிய கனமான லென்சைத் தொங்கவிட வேண்டாம். தூக்கும்போதெல்லாம் ஒரு கை லென்சுக்கு அடியில் இருக்கட்டும். 18-55 போன்ற லென்சுகளில் முன்குழாய் உள்ளே வெளியே நகரும் மெல்லிய பாகம். அதை இழுத்து முறிப்பது சுலபம்.

இன்னொரு மூடிக்கும் வேலை இருக்கிறது. லென்சின் பின்மூடியை வாங்கி நடுவில் பெரிய ஓட்டை போட்டு, இப்போது முன்னால் வந்துவிட்ட பின்பக்கத்தில் மாட்டிவிடுங்கள். மின்தொடர்புப் புள்ளிகளுக்கும் கண்ணாடிக்கும் அது கவசம். பிறகு டிஃப்யூசரை (ஃப்ளாஷ் ஒளியை மென்மையாகப் பரப்பும் திரை) சொருகவும் அதுவே தாங்கி.

முதல் படம் கடுகுதான்

தோட்டத்துக்கு ஓடாதீர்கள். ஒரு ஸ்கேலில் இருபக்க டேப் ஒட்டி, அதன்மேல் ஐந்தாறு கடுகைப் பதியுங்கள். கடுகை நான் சும்மா சொல்லவில்லை. அது உருண்டை, ஓரளவு பளபளப்பு, கருநிறம், 2 மி.மீ. அளவு. ஓர் எறும்பின் தலைக்கும் வண்டின் முதுகுக்கும் என்னென்ன சிக்கல் உண்டோ அதெல்லாம் கடுகுக்கும் உண்டு, அது ஓடாது என்பதைத் தவிர.

கேமராவை மேனுவல் மோடில் வையுங்கள். திரையில் அப்பர்ச்சர் இருக்கும் இடத்தில் பூஜ்யமோ கோடோ தெரியும், பயப்பட வேண்டாம். மிரர்லெஸ் கேமராவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற பொருளில் மெனுவில் ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்காவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் கேமரா வாயே திறக்காது. ஷட்டர் 160-இல் ஒரு பங்கு நொடி, ஐஎஸ்ஓ 200, லென்சில் எஃப் 8. ஃப்ளாஷை மேனுவலில் வைத்து எட்டில் ஒரு பங்கு சக்தி. ஜேபெக்கில் அல்ல, 'ரா' (RAW) கோப்பாக எடுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. லென்சில் எந்த வளையத்தைத் திருப்பியும் பயனில்லை. உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துத்தான் குவிக்க வேண்டும். முழங்கைகளை மேசையில் ஊன்றி, மெல்ல முன்னே சாயுங்கள். கூர்மை கடுகின் முன்பக்கத்தைத் தொட்டு, உள்ளே புகுந்து, வெளியேறுவது தெரியும். தொடும் கணத்தில் அழுத்துங்கள். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல தொடக்கம்.

ஏன் இவ்வளவு தவறுகிறது? எஃப் 8 வைத்து 1 மடங்கில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 2 மடங்கில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியானால் எஃப் 22-க்குப் போகலாமே என்று தோன்றும். போகாதீர்கள். பெரிதாக்க ஆக்க, சென்சாருக்கு வந்து சேரும் ஒளி குறைகிறது. அதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எத்தனை மடங்கோ அதோடு 1-ஐக் கூட்டி, எஃப் எண்ணால் பெருக்குங்கள். 2 மடங்கில் எஃப் 8 என்பது எஃப் 24 மாதிரி நடந்துகொள்ளும். எஃப் 22 என்பது எஃப் 66. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி, முழுப் படமும் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். 1 மடங்குக்கு எஃப் 8 அல்லது 11, 2 மடங்குக்கு எஃப் 5.6 அல்லது 8. அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் பல படங்களை அடுக்கித்தான் பெற வேண்டும்.

கைநடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சக்தியைக் குறைத்த ஃப்ளாஷ் மின்னி மறைவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம். படத்தை எடுப்பது அந்த மின்னல்தான். ஷட்டர் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. அறையில் வேறு ஒளி மங்கலாக இருந்தால் நடுக்கம் பதிய வாய்ப்பே இல்லை. இதனால்தான் டிரைபாட் வாங்கச் சொல்லவில்லை. பூச்சி வேட்டையில் அது கூடுதல் கால்கள்தான்.

இனி ஒளி

எடுத்த கடுகைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு கொடூரமான வெள்ளைப் புள்ளி, கீழ்ப்பாதி கும்மிருட்டு. அந்த வெள்ளைப் புள்ளி என்பது உங்கள் ஃப்ளாஷின் முகம், கடுகில் தெரியும் பிரதிபிம்பம். பளபளப்பான உருண்டை எதுவானாலும் தன்னைச் சுற்றி ஒளி எப்படி இருக்கிறது என்று படம் வரைந்து காட்டிவிடும். ஒளி சின்னதாக இருந்தால் புள்ளி, பெரிதாக இருந்தால் மென்மையான பிறை. கடுகுக்குள் பிறை தெரியும்வரை ஒளியோடு மல்லுக்கட்டுவதே நம் வேலை.

ஒளி பெரியதா சிறியதா என்பதைப் பூச்சியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து அது ஒரு பொட்டு, ஆகவே உச்சி வெயிலில் நிழல் கத்தி மாதிரி விழுகிறது. மறுபக்கம், உள்ளங்கை அகல வெள்ளைத் தாள் பூச்சிக்கு 4 செ.மீ. மேலே வந்தால் அதற்கு அது முழு வானம். பெரிய சாஃப்ட்பாக்சைத் தூரத்தில் பிடிப்பதைவிடச் சின்ன ஃபோமை நெருக்கிப் பிடிப்பது மேல்.

கேமராவிலேயே எழும்பும் ஃப்ளாஷ்தான் இருக்கிறது என்றால், உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீண்ட அட்டைக் குழாய் போதும். உள்ளே ஏற்கெனவே வெள்ளி மாதிரி மினுக்கும். ஒரு முனையின் பக்கவாட்டில் ஃப்ளாஷ் புகும் அளவுக்கு வெட்டி, மறுமுனையில் பட்டர் பேப்பர் கட்டினால், ஒளி குழாய் வழியே லென்சின் நுனிக்கு வந்து இறங்கும். முதல் மாதத்துக்கு இது தாராளம்.

தனி ஃப்ளாஷ் இருந்தால் கீழே சொல்லும் கூட்டைச் செய்யுங்கள். நான் ஏழெட்டு வடிவங்கள் செய்து கிழித்த பிறகு இதில் நின்றேன்.

முதலில் ஃப்ளாஷைக் கேமராமேல் பூட்டி, திருப்பிய லென்சையும் மாட்டி, ஃப்ளாஷ் முகத்திலிருந்து லென்ஸ் நுனிவரை எத்தனை செ.மீ. என்று அளந்து, கூட 3 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் கூட்டின் நீளம். தடித்த சார்ட் அட்டையில் நான்கு பக்கங்களை வெட்டி, ஒரு முனை ஃப்ளாஷ் தலையை இறுக்கிப் பிடிக்கும் அளவாகவும், மறுமுனை அதைப்போல இரண்டு மடங்கு அகலமாகவும் விரியுமாறு ஒட்டுங்கள், மாவு மில்லில் தானியம் கொட்டும் பெட்டியைக் கவிழ்த்து நீட்டின மாதிரி. உள்ளே சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டுங்கள். கசக்குவது வேண்டுமென்றேதான். மழுமழுவென்று இருந்தால் ஒளி ஒரே திசையில் தெறித்து நடுவில் திட்டு விழும்.

அகன்ற முனை கீழ்நோக்கிச் சாய்ந்து லென்ஸ் நுனிக்கு மேல் நிற்க வேண்டும். அந்த வாயை ஒரு மி.மீ. தடிமன் வெள்ளை ஃபோம் ஷீட்டால் மூடுங்கள். கண்ணாடிச் சாமான், டிவி இவற்றைச் சுற்றி வருமே, அதுதான். பட்டர் பேப்பரைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். ஒளியைச் சீராகப் பரப்பும், மழைத்தூறலுக்கும் தாங்கும். பட்டர் பேப்பர் லேசாக மஞ்சள் ஏற்றும்.

இதோடு நிறுத்தினால் கடுகில் ஒரு சதுரம் தெரியும். பிறை வேண்டுமென்றால் இரண்டாவது அடுக்கு தேவை. ஏ4 அளவு ஃபோமை எடுத்து, கீழ்ப்பகுதியில் லென்ஸ் நுழைய ஓர் ஓட்டை போட்டு, முன்பு ஓட்டை போட்ட பின்மூடியில் ரப்பர் பேண்டால் பிடித்து, மேல்விளிம்பைக் கூட்டின் வாயோடு வளைத்து ஒட்டுங்கள். குடைமாதிரி முன்னால் கவிந்து நிற்கும். முதல் அடுக்குக்கும் இரண்டாவதற்கும் நடுவே 3-4 செ.மீ. காற்று இருக்கட்டும். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒரே அடுக்கு மாதிரிதான். முதலாவது பரப்பிய ஒளி, இரண்டாவதை முழுசாக நிரப்ப அந்த இடைவெளி வேண்டும்.

மறுபடி கடுகு. நடுவில் இன்னும் சூடான திட்டு தெரிந்தால், முதல் அடுக்கின் நடுவில் இன்னொரு சின்ன ஃபோம் துண்டு ஒட்டுங்கள். கீழ்ப்பாதி இருட்டாக இருந்தால் ஸ்கேலுக்கு அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள். வெளியிலும் பூச்சிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டைப் பிடித்தால் இதே வேலையைச் செய்யும். பின்னணி கறுத்துப்போகிறது என்றால், ஃப்ளாஷ் ஒளி அதுவரை எட்டவில்லை என்று பொருள். பூச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. பின்னால் ஒரு பச்சை இலையைப் பிடித்தால் கறுப்பு பச்சையாகிவிடும். இரண்டு அடுக்கும் ஒளியைத் தின்னும். ஃப்ளாஷை நான்கில் ஒரு பங்குக்கு ஏற்ற வேண்டி வரலாம்.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்தால், அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த தாமஸ் ஷஹானின் குதிக்கும் சிலந்திப் படங்களைப் பாருங்கள். அந்த உருண்டைக் கண்களை உலகம் ரசிக்க வைத்தவர்களில் ஒருவர். அவர் பேர் வாங்கியது பழைய 50 மி.மீ. லென்சைத் திருப்பிப் போட்டும், கையால் செய்த டிஃப்யூசரை வைத்தும்தான்.

தோட்டத்துக்குப் போகலாம்

காலை 6 முதல் 8 மணி. இரவுக் குளிர் விட்டு உடம்பு சூடேறும்வரை பூச்சிகள் மந்தமாக இருக்கும். பத்து மணிக்குமேல் வெட்டுக்கிளியைத் துரத்துவது கால்வலிக்கு நல்ல வழி.

எங்கே தேடுவது என்றால், ஓர் எருக்கஞ்செடி. காலி மனை, ரயில்வே தண்டவாளத்தோரம், எங்கும் நிற்கும், யாரும் விரட்ட மாட்டார்கள். நீலமும் மஞ்சளும் வரிவரியாக இருக்கும் எருக்கு வெட்டுக்கிளி அதில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும். குருத்தில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்ன வரும் பொறிவண்டு, அசுவினி சுரக்கும் இனிப்புக்காகக் காவல் நிற்கும் எறும்பு. ஒரே செடியில் ஒரு மாதம் எடுக்கலாம். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு வரும். கிளையை ஒடிக்காதீர்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி இருப்பதை உற்றுப் பாருங்கள். பல நேரம் அது எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சிகளின் இளம் புழு. முருங்கைக் கம்பளிப்பூச்சியைத் தூரத்திலிருந்தே ரசியுங்கள், ரோமம் பட்டால் அரிப்பு லேசில் விடாது. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு அருமையான மாடல். ஆனால் அந்தக் கிளையில் சாய்ந்துகொண்டு எடுக்க நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், சட்டையைக் கழற்றி உதறியபடி தெருவில் ஓடினேன்.

கையை ஊன்ற இடமில்லாத வெளியில் ஒரு உத்தி உண்டு. இடது கைவிரல்களால் பூச்சி இருக்கும் தண்டைப் பிடித்து, அதே கையின் மேற்புறத்தில் லென்சைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்றில் செடி ஆடினால் கேமராவும் கூடவே ஆடும், இரண்டுக்கும் இடையே தூரம் மாறாது. விரல்களை லேசாக உருட்டினாலே குவியம் நகரும். இது வசப்பட ஒரு வாரம் ஆகும். வசப்பட்ட பிறகு பத்துக்கு நான்கு தேறும்.

பூச்சியை நெருங்கும்போது நிழல் அதன்மேல் விழக்கூடாது. முதலில் 1 மடங்கில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பறந்தாலும் அதுவாவது மிஞ்சும். அப்புறம் அங்குலம் அங்குலமாக. ஃப்ளாஷைப் பெரும்பாலான பூச்சிகள் பொருட்படுத்துவதில்லை, அசைவைத்தான் பொருட்படுத்துகின்றன. குதிக்கும் சிலந்தி மட்டும் வேறு ஜாதி. அது திரும்பி உங்களையே பார்க்கும், முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களால். அந்தக் கண்ணில் குவியுங்கள், மற்றதெல்லாம் மங்கினாலும் குற்றமில்லை. கண்ணில் உங்கள் டிஃப்யூசர் பிறையாகத் தெரியும். கடுகில் பழகியது அங்கே கைகொடுக்கும்.

பூச்சியைப் பிரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பது, காலைப் பசையால் ஒட்டுவது போன்ற வேலைகளை எனக்குப் பிடிக்காது. படத்திலும் அது தெரிந்துவிடும், உயிருள்ள எறும்பு அப்படி நிற்காது. புதருக்குள் முழங்காலிடும் முன் ஒரு குச்சியால் தட்டிவிடுங்கள். பாம்புக்கும் அது வீடு.

கொஞ்சம் பழகிய பிறகு

ஆழம் போதவில்லை என்றால், அசையாத பூச்சியைக் கண்ணில் தொடங்கி முதுகுவரை குவியத்தைத் துளித்துளியாக நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்து, கணினியில் அடுக்கலாம். பிக்கோலே என்ற மென்பொருள் இலவசம். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் இரண்டும் காசுக்கு. கையால் எடுத்த அடுக்கு பாதி நேரம் சேராது. இதையும் கடுகில் பழகிவிட்டுப் போவதே நல்லது.

கேமராவே இல்லை, போன்தான் என்றால் ஒரு பழைய 50 மி.மீ. லென்சை முழுத்துளையில் திறந்து, அதன் முன்பக்கத்தைப் போன் கேமராவோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் கறுக்கும், நடுப்பகுதி அசத்தும். ஒளிக்கு ஜன்னலும் வெள்ளைத் தாளும் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, திருப்பிய லென்சைக் கழற்றி ப்ளோயரால் இரு முனையும் ஊதி, அதனதன் மூடியைப் போடுவது. வளையத்தைச் சின்ன ஜிப் பையில் வையுங்கள், சட்டைப் பையில் கிடந்த பஞ்சும் தூசியும் நேராகச் சென்சாருக்குத்தான் போகும். ஃபோம் சில மாதங்களில் மஞ்சளாகும், முள் கிழிக்கும், மழையில் அட்டை நமுத்துப்போகும். கூட்டை ஒட்டுவதற்கு முன் அதன் நான்கு பக்கங்களையும் ஒரு செய்தித்தாளில் வைத்து வரைந்து, அளவும் எழுதி எடுத்து வைத்திருந்தால், அடுத்ததைச் செய்ய ஒரு மணி நேரம் போதும்.